ஐந்து வரிசைப் பெட்டியும் ‘ஆபரேட்டர்’ என்ற நம்பிக்கையும்

எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் இரவு ஷிப்ட் முடித்து வரும் இளைஞர்களில் பலர் வீடு வந்ததும் தூங்குவதில்லை. 9.15-க்குச் சந்தை திறந்துவிடும். கைப்பேசியில் அவர்கள் கண்கொட்டாமல் பார்ப்பது ‘மார்க்கெட் டெப்த்’ பெட்டியை. இடப்பக்கம் வாங்கக் காத்திருப்போரின் ஐந்து விலைகள், வலப்பக்கம் விற்கக் காத்திருப்போரின் ஐந்து விலைகள், அடியில் மொத்த எண்ணிக்கை. எண்கள் மாறும்போதெல்லாம் அவர்கள் வாயில் ஒரு ‘அவன்’ வருகிறான். “மேல தூக்குறான்”, “சப்ளை போடுறான்”, “நம்ம எஸ்.எல்.லை அடிச்சிட்டுத்தான் போறான்.” இந்த அவனுக்குச் சந்தையில் ‘ஆபரேட்டர்’ என்று பெயர்.

விலையைத் திருகும் கூட்டங்கள் இருக்கின்றன. சந்தையைக் கண்காணிக்கும் செபியின் உத்தரவுகளே அதற்குச் சாட்சி. ஆனால் ஒவ்வொரு பங்குக்கும் ஒருவன் உட்கார்ந்து ஆர்டர்களைக் கையாள்கிறான், அவன் போக்கைப் பழகிக்கொண்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற கணிப்பு நம் சந்தைக்குப் பொருந்தாது. அது வேறொரு ஊரில், வேறொரு காலத்தில் பிறந்த பாடம்.

அந்த ஊர் நியூயார்க். அங்குள்ள பங்குச்சந்தையில் ஒவ்வொரு பங்கும் ஒரு ‘ஸ்பெஷலிஸ்ட்’ நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. காத்திருக்கும் ஆர்டர்களின் ஏடு அந்த ஸ்பெஷலிஸ்டின் கையில் இருந்தது. வாங்க ஆளில்லாதபோது தன் பணத்தைப் போட்டு வாங்கி, சந்தையை ஒழுங்காக நடத்தும் கடமையும் அவருக்கு இருந்தது. தின வணிகர்கள் அவரைப் படித்தார்கள். காலையில் பங்கைத் திறக்கத் தாமதிக்கிறாரா, நம் ஆர்டருக்கு முன்னால் தன் ஆர்டரை நுழைக்கிறாரா, பெரிய விற்பனையை மெல்ல மெல்லக் கசியவிடுகிறாரா என்று கவனித்தார்கள். எதிரில் மனிதர் இருந்ததால் அந்தப் படிப்புக்குப் பொருள் இருந்தது. வாடிக்கையாளரின் ஆர்டரை முந்திக்கொண்டு தங்கள் கணக்கில் வணிகம் செய்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட ஐந்து ஸ்பெஷலிஸ்ட் நிறுவனங்கள், 2004-ல் ஏறத்தாழ 24 கோடி டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டன. தவறு என்றதும் விரல் நீட்ட முகவரி இருந்தது. 2008-ல் அந்தப் பதவியே உருமாறியது.

நம் பக்கம் அப்படியொரு நியமனப் பதவி இருந்ததில்லை. பம்பாயில் தரவணிவாலாக்கள் என்ற ஜாபர்கள் வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் கூவினார்கள். சென்னையில், ராயபுரத்துக்குப் பக்கத்திலேயே, செகண்ட் லைன் பீச்சில், 1937 முதல் மெட்ராஸ் பங்குச்சந்தை இயங்கியது. 1994 நவம்பரில் தேசிய பங்குச்சந்தை திரைவழிப் பங்கு வணிகத்தைத் தொடங்கியபின் கூவலும் முகமும் மறைந்தன. 2015-ல் மெட்ராஸ் பங்குச்சந்தையும் விடைபெற்றது. இன்று முதன்மைத் தளத்தில் ஆர்டர்களைப் பொருத்துவது கணினி. நல்ல விலைக்கு முதலிடம். விலை ஒன்றானால் முந்தி வந்த ஆர்டருக்கு முதலிடம். இரு பக்கமும் விலை சொல்லியே தீரவேண்டும் என்ற கட்டாயம் சிறு நிறுவனங்களுக்கான எஸ்.எம்.இ. தளத்தில்தான் உண்டு; அங்கே பட்டியலான பங்குக்கு மூன்றாண்டுகள் ‘மார்க்கெட் மேக்கர்’ இருந்தாக வேண்டும்.

காசிமேட்டில் அதிகாலை ஏலத்துக்கு நிற்கும் மீன்காரம்மா, கூடையைப் பார்க்கும் அதே நேரத்தில் ஆட்களையும் பார்க்கிறார். யார் உண்மையாகக் கேட்கிறார், யார் சும்மா விலையேற்றிவிட்டு ஒதுங்குவார் என்று அவருக்குத் தெரியும். கேட்டுவிட்டுப் பின்வாங்கினால் மறுநாள் அந்த ஆளின் வாய்க்கு மதிப்பிருக்காது. பங்குச்சந்தைத் திரையிலோ பெயர் இல்லை. போட்ட ஆர்டரை நொடியின் சிறு துணுக்குக்குள் திரும்பப் பெறலாம். மறுநாள் யாரும் கேட்கப்போவதில்லை.

பெட்டியும் எல்லாப் பங்குக்கும் ஒன்றுபோல் இருக்காது. எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதியின் இரண்டு தொழிற்சாலைகளையே எடுத்துக்கொள்வோம். 1946-ல் மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்து தொடங்கியது எம்.ஆர்.எஃப். 2023 ஜூனில் அதன் ஒரு பங்கு ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது, இந்தியாவில் முதல்முறை. மொத்தமே சுமார் 42.4 லட்சம் பங்குகள். அதனால் அதன் டெப்த் பெட்டியில் பல நேரம் ஒன்று, இரண்டு, ஐந்து என்றே எண்கள் நிற்கும். எண்ணூரின் அசோக் லேலண்டுக்கோ ஒவ்வொரு வரிசையிலும் ஆயிரக்கணக்கில். எம்.ஆர்.எஃப்.பில் ஐம்பது பங்குக்கு ஓர் ஆர்டர் வந்தால் அது பெரிய செய்தி. லேலண்டில் ஐயாயிரம் வந்தாலும் செய்தியே இல்லை. ‘வாங்குவோர் அதிகம், ஏறும்’ என்ற ஒரே சூத்திரத்தை இரண்டுக்கும் பொருத்துகிறவர் பெட்டியைப் படிக்கவே தொடங்கவில்லை.

இன்னொன்று, பெட்டி முழுவதையும் காட்டுவதில்லை. ஆர்டர் போடுபவர் பத்தில் ஒரு பங்கை மட்டும் வெளிக்காட்டி மீதியை மறைத்துவைக்க விதி இடம் தருகிறது. பத்தாயிரம் பங்கு விற்க வந்தவர் ஆயிரத்தைக் காட்டுவார். அது விற்றதும் அடுத்த ஆயிரம் அதே விலையில் முளைக்கும். விலை நகராமல் எண்ணிக்கை திரும்பத் திரும்ப நிரம்புவதைக் கவனிக்கும் அனுபவசாலி, பெரிய கை ஒன்று நிற்பதை ஊகிக்கிறார். இது மதிக்கத்தக்க படிப்பு. நடந்து முடிந்த வணிகத்திலிருந்து வருவது. எஸ்.எல். புலம்பல் அப்படியல்ல. நட்டத்தை ஓர் அளவில் நிறுத்தப் போட்டுவைக்கும் ஸ்டாப் லாஸ் (எஸ்.எல்.) ஆர்டர்கள் தூண்டு விலை வரும்வரை தனி ஏட்டில் கிடக்கும். டெப்த் பெட்டியில் தெரியாது. ஆனாலும் அடிபடுவதற்குக் காரணம், எல்லோரும் முந்தைய தாழ்விலையின் அடியிலோ முழு ரூபாய் எண்ணிலோ கொண்டுபோய் வைப்பதுதான். அங்கே குவிந்திருக்கும் என்று ஊகிக்க யாருக்கும் உளவு தேவையில்லை.

உளவைவிடப் பெரிய ஆபத்து பொய் ஆர்டர். 2025 ஏப்ரலில் பட்டேல் வெல்த் அட்வைசர்ஸ் என்ற நிறுவனத்தின் மீது செபி இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஒரு பக்கம் பெரிய ஆர்டர்களைக் காட்டி விலையை நகர்த்தி, மறுபக்கம் வணிகத்தை முடித்துக்கொண்டு காட்டியதை ரத்து செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 173 பங்குகளில் இது நடந்ததாகச் சொன்ன செபி, 3.22 கோடி ரூபாயை முடக்கியது. அந்த நிமிடங்களில் பெட்டியை நம்பி வாங்கியவர் யாரென்று எந்த உத்தரவும் சொல்லாது.

2022-23-ல் பங்குகளில் தின வணிகம் செய்த தனிநபர்களில் 71 சதவீதம் பேர் நட்டப்பட்டதாக செபியின் ஆய்வு காட்டியது. ஆண்டுக்கு 500 முறைக்கு மேல் வணிகம் செய்தவர்களிடையே அது 80 சதவீதம். தின வணிகம் செய்வோரில் முப்பது வயதுக்குட்பட்டோர் 18 சதவீதத்திலிருந்து நான்கே ஆண்டுகளில் 48 சதவீதமாகியிருந்தார்கள். இந்த இளைஞர்களிடம் ‘பேராசைப்படாதே’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வதை என்னால் ஏற்கமுடியவில்லை. மேலும் மேலும் பெட்டியைப் பார்க்கச் செய்யும் செயலிகள், அந்தப் பெட்டியின் நம்பகம் என்ன என்பதைச் சொல்வதே இல்லை.

சொல்வதற்கான தகவல் இருக்கிறது. கணினி நிரல் தானே போடும் ஆல்கோ ஆர்டர்கள் எத்தனை போடப்பட்டன, அதில் எத்தனை வணிகமாயின என்ற விகிதத்தை எக்ஸ்சேஞ்சுகள் கணக்கிட்டு, மிஞ்சினால் அபராதமும் விதிக்கின்றன. அபராதத்துக்குப் பயன்படும் கணக்கு, பணத்தை இழப்பவர் கண்ணுக்கு ஏன் வரக்கூடாது? ஒவ்வொரு பங்கிலும் முந்தைய நாள் வந்த ஆர்டர்களில் எத்தனை சதவீதம் நிறைவேறாமல் ரத்தாயின, சராசரியாக எத்தனை நொடி நின்றன என்ற இரண்டு எண்களை டெப்த் பெட்டிக்கு மேலேயே காட்டும்படி செபி உத்தரவிட வேண்டும். யார் போட்டது என்று காட்டவேண்டிய அவசியமில்லை. வணிக ரகசியம் கெடாது. தமிழில் கணக்குத் திறக்க அழைக்கும் தரகு நிறுவனங்கள் அந்த எண்களுக்கான விளக்கத்தையும் தமிழிலேயே தரட்டும்.