ஓசை ஒப்புமையும் சொல்வரலாறும்: டச்சு மொழியின் ‘ஆர்ட்ஸ்’

சொற்பிறப்பு ஆய்வில், வெளிப்படையாகப் பொருந்தாத விளக்கத்தைக் காட்டிலும் மிகப் பொருந்துவதாகத் தோன்றும் விளக்கமே இடர் தருவது. டச்சு மொழியில் மருத்துவரைக் குறிக்கும் ‘ஆர்ட்ஸ்’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும். கலை எனப் பொருள்படும் இலத்தீன் ‘ஆர்ஸ்’ என்பதனோடு இதனை இணைக்க எவருக்கும் தோன்றும். ஒலி ஒத்துள்ளது, மருத்துவத்தைக் கலையெனக் கொள்ளும் வழக்கும் இலத்தீனில் உண்டு. எனினும் அவ்விளக்கம் பிழையானது.

இடைக்கால டச்சு மொழியில் இச்சொல் ‘ஆர்சாதெரெ’ என வழங்கியது. பழைய உயர்ஜெர்மன் வடிவம் ‘ஆர்ட்ஸாத்’. இவ்வடிவங்களின் பிற்பகுதிக்கு ‘ஆர்ஸ்’ விளக்கம் தராது. தலைமை மருத்துவர் எனப் பொருள்படும் ‘ஆர்க்கியாத்ரோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லே முழுமையான விளக்கம் தருகிறது. அலெக்சாந்தருக்குப் பிற்பட்ட கிரேக்க அரசவைகளில் பதவிப்பெயராக இருந்த அது, இலத்தீனில் ‘ஆர்க்கியாத்தெர்’ ஆகி, பிராங்கிய மன்னர் அவை வரை சென்றது. அவ்வழியே செர்மானிய மொழிகளிற் புகுந்து, கோதிக்கு மொழியின் ‘லேக்கீஸ்’ முதலியவற்றோடு உறவுடைய பழஞ்சொல்லின் இடத்தைப் பற்றியது. சுவீடிய மொழியில் அப்பழஞ்சொல்லின் வழிவந்த ‘லேக்கரே’ இன்றும் வாழ்கிறது. இன்றைய டச்சு வடிவத்தில் ஜெர்மன் மொழியின் செல்வாக்கும் உண்டு.

கூட்டுச்சொல்லில் ‘ஆர்க்கி’ என்பது தலைமையையும் ‘இயாத்ரோஸ்’ என்பது மருத்துவரையும் குறிக்கும். மருத்துவரைச் சுட்டிய பகுதி ஏறத்தாழ முற்றிலும் தேய்ந்துபோக, தலைமையைச் சுட்டிய பகுதியே இன்று எஞ்சியுள்ளது. பொருளோ இதற்கு எதிராகத் தலைமையை இழந்து மருத்துவரை மட்டும் தக்கவைத்துக்கொண்டது. ஆகவே, இன்றைய வடிவத்தை மட்டும் பகுத்து வேர் காண முயல்வோர் உண்மையை எட்ட இயலாது.

தமிழ்ச் சொல்லாய்வுக்கும் இது பொருந்தும். ஈழத்தமிழில் அலுவலகத்தைக் குறிக்கும் ‘கந்தோர்’ என்பதைத் தூண் எனப் பொருள்படும் ‘கந்து’ என்பதனடியாக விளக்குதல் எளிது. ஆனால் அது டச்சு ‘கந்தோர்’ என்பதிலிருந்து வந்தது. இலங்கைக் கரையோரத்தில் நிலவிய டச்சு ஆட்சியின் எச்சம். வேர்ச்சொல் ஒன்றை முன்வைக்கும் கட்டுரை, இடைப்பட்ட வடிவங்களையும் அவை பயின்ற காலத்தையும் காட்டுதல் வேண்டும். அவை கிடைக்காதவிடத்து, அது கருதுகோள் என்றே குறிக்கப்பட வேண்டும். இவ்வொழுங்கு தமிழின் தொன்மைக்கு ஊறு செய்யாது. அத்தொன்மைக்குப் பிறரும் ஏற்கத்தக்க சான்றாண்மையையே அளிக்கும்.