அளவும் எல்லையும்

கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலுக்கு இந்நாட்களில் இருவகைப் பேச்சுகள் வந்த வண்ணம் இருக்கின்றன. 'இந்த மென்பொருளை வாங்கினால் உற்பத்தி நூற்றுக்கு நாற்பது உயரும்' என்பது ஒன்று. 'இம்முறை எமது காப்புரிமை. பிறர் தொடலாகாது' என்பது மற்றொன்று. இரண்டிலும் உள்ள குறை ஒன்றே. முன்னது எதை அளந்தது என்று சொல்வதில்லை. பின்னது எதுவரை தன்னுடையது என்று சொல்வதில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு சேலைக்கு வடிவம் தீட்ட இரண்டு நாளும், நெய்யப் பதினைந்து நாளும் ஆவதாகக் கொள்வோம். கணிப்பொறியால் வடிவம் ஒரே நாளில் முடிந்தால், 'பாதி நேரம் மிச்சம்' என்று விற்பவர் கூறுவார். பொய்யன்று. ஆயினும் பதினேழு நாள் வேலை பதினாறு நாளாயிற்று. மிச்சம் நூற்றுக்கு ஆறுகூட இல்லை. எதில் பாதி என்று கேளாதவரே ஏமாறுவர். தோட்டத்தில் மருந்து தெளிக்கும் டிரோனுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

நேர்மையான கணக்கு, எண்ணியது யார், எப்போது, யாரை என்று சொல்லும். நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு (2019-20) 35.22 லட்சம் தொழிலாளர் எனக் கூறி, அவருள் ஏறத்தாழ 26.7 லட்சம் பேர் நெசவாளர், 8.5 லட்சம் பேர் துணைத் தொழிலாளர் எனப் பிரித்தும் காட்டிற்று. முந்தைய 2009-10 கணக்கெடுப்பின் எண்ணிக்கை 43.31 லட்சம். இத்தகைய கணக்கோடுதான் விவாதம் செய்ய முடியும்.

இனிக் காப்புரிமை. நிலம் வாங்குவோர் பத்திரத்தில் நான்கெல்லை பார்க்கிறோம். 'வடக்கே உள்ளதெல்லாம்' என்று எழுதிய பத்திரத்தை எவரேனும் ஏற்பரோ? ஆனால் மென்பொருள் உலகில் அவ்வாறான பத்திரங்கள் உண்டு. இணையத்தில் ஒரே சொடுக்கில் பொருள் வாங்கும் முறைக்கு 1999-இல் அமேசான் நிறுவனம் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. 2017 வரை அது நீடித்தது.

நம் நாட்டில் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணிப்பொறி நிரல் 'தன்னளவில்' காப்புரிமைக்கு உரியதன்று என விலக்குகிறது. 2004-இன் இறுதியில் ஓர் அவசரச் சட்டம் இவ்விலக்கைத் தளர்த்த முயன்றது. 2005-இல் பாராளுமன்றம் அத்தளர்வை ஏற்கவில்லை. இருப்பினும், 'தன்னளவில்' என்னும் சொல் ஒரு திறந்த கதவு. கருவியோடு சேர்த்தெழுதிய நிரல் அவ்வழியே நுழையக்கூடும்.

நெசவாளருக்கு இதில் தனி அக்கறை உண்டு. பிரான்சில் 1804-இல் ஜக்கார்டு என்பவர் துளையிட்ட அட்டைகளால் தறியை ஆட்டுவித்தார். அவ்வட்டையையே பின்னர் இங்கிலாந்தில் பாபேஜ் தம் கணிப்பு யந்திரத்திற்கு எடுத்துக்கொண்டார். தறி கொடுத்த கருத்தைக் கணிப்பொறி வாங்கிக்கொண்டது. நாளை ஒருவர், 'படத்தைக் கணிப்பொறியில் தீட்டித் தறிக்கு அனுப்பும் முறை யாவும் எமது' என எழுதிக்கொண்டால், நெசவாளர் தம் வீட்டுத் திண்ணைக்கே வாடகை தர நேரும்.

புதுமை கண்டவருக்குப் பலன் வேண்டாமென்பது நம் கருத்தன்று. அவர் கண்டது எதுவோ அதற்கு மட்டும் வேலியிடுக என்பதே நம் கோரிக்கை.

தடுக்க வழியும் உண்டு. நங்கநல்லூருக்கு அண்மையில், கிண்டி ஜி.எஸ்.டி. சாலையிலேயே காப்புரிமை அலுவலகம் இருக்கிறது. வெள்ளிதோறும் காப்புரிமை இதழ் வெளியாகிறது. விண்ணப்பம் வெளியிடப்பட்டபின், உரிமை வழங்கப்படுமுன், எவரும் எதிர்மனு கொடுக்கலாமெனச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் வெறுங்கையோடு சென்றால் வெல்ல இயலாது. மஞ்சள் புண்ணாற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் பாட்டிமார் அறிந்த செய்தி அங்கே போதவில்லை. நமது அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றம் 32 எழுத்துச் சான்றுகளை வைத்தது. அவற்றுள் 1953-இல் வெளியான மருத்துவக் கட்டுரையும் ஒன்று. 1997-இல் அக்காப்புரிமை ரத்தாயிற்று.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் தன் வடிவங்கள், சாய முறைகள், பயிர் முறைகள் ஆகியவற்றைத் தேதியிட்டு ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தலும், இயன்றால் அச்சிட்டு வெளியிடுதலும் அவசியம். பல சங்கங்கள் கூடி ஒருவரை அமர்த்தி, வாரந்தோறும் அவ்விதழைப் பார்க்கச் செய்தல் நன்று. மென்பொருள் விற்க வருவோரிடம், 'எதில், எத்தனை, எதோடு ஒப்பிட்டு?' என்று கேட்டு, விடையை எழுத்தில் பெற்ற பின்னரே நிர்வாகக் குழு தீர்மானம் செய்தல் வேண்டும். முழம் போட்டுப் பாராமல் துணி வாங்காத நாம், கணக்கையும் உரிமையையும் மட்டும் அளவாமல் ஏற்பது தகாது.