சுகப்பிரசவம் என்ற சொல்

மும்பையின் திலக் நகர் ஸ்டேஷனிலிருந்து லோகமான்ய திலகர் டெர்மினஸ் நடக்கும் தூரமே ஆதலால், தெற்கேயிருந்து வரும் வண்டிகளில் மகளின் பேறுகாலத்துக்கென்று வந்து இறங்கும் தாய்மார்களை, தோளில் துணிப்பையும் கையில் லேகியப் பாட்டிலுமாக நடந்து போகும் கோலத்தில், நாற்பது வருஷமாக இந்தப் பேட்டையில் குடியிருக்கும் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வீட்டு வசதி வாரியம் கட்டிய பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபட்டு அவற்றின் இடத்தில் மாடி மேல் மாடியாக எழுந்துவிட்ட இந்நாளிலும், குழந்தை பிறந்த செய்தி வந்தவுடன் அண்டை அயலார் கேட்கும் கேள்வி மட்டும் மாறவில்லை: "நார்மலா, ஆபரேஷனா?" நார்மல் என்றால் முகங்கள் மலர்கின்றன, ஆபரேஷன் என்றால் "பரவாயில்லை, தாயும் சேயும் நலந்தானே" என்று ஆறுதல் சொல்கிறார்கள். நான்கு வருஷங்களுக்கு முன் என் மகள் தலைப்பிள்ளையைப் பெற்ற அன்று, சுகப்பிரசவம் என்று பெருமையோடு ஊருக்கெல்லாம் போன் செய்தவள் நான்.

அந்தச் சுகம் எத்தகையது என்பதை நான் அறிந்துகொள்ள மூன்று வருஷங்கள் பிடித்தன. 26 மணி நேர வலி, தாயையோ கணவனையோ உள்ளே விடாத பிரசவ அறை, அலறினால் அதட்டல், சேய் இறங்கவில்லையென்று வயிற்றின் மேல் முழங்கையை ஊன்றி அமுக்கிய ஒருவர், கடைசியில் ஆயுதம் போட்டு எடுத்த குழந்தை, ஆசனவாய் வரை கிழிந்த உடம்பு, மரத்துப்போகாத இடத்தில் போட்ட தையல். அதன் பிறகு பல மாதங்கள் அவளால் மலத்தை அடக்க முடியாமல் இருந்ததையும், அந்த ஆஸ்பத்திரி இருக்கும் தெருவைத் தவிர்ப்பதற்காகவே பஸ்ஸை விட்டுச் சுற்றி நடந்ததையும், இரவில் வியர்த்து எழுந்து உட்கார்ந்ததையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஜாடையாகச் சொல்ல வந்தபோதும், "எல்லாரும் பெத்ததுதானே, மறந்து போயிடும்" என்று அவள் வாயை அடைத்தது நானேதான் என்பதை இப்போது நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

இரண்டாவது கர்ப்பம் ஐந்து மாதமானபோது அவள் என்னிடம் கேட்டாள்: "அம்மா, இந்தத் தடவை எனக்கு ஆபரேஷன்தான் வேணும். கேட்டா திட்டுவாங்களா?" பரிசோதனைக்குச் சென்ற இடத்தில் டாக்டர் கோப்பைப் புரட்டினார்; அதில் முந்தைய பிரசவம் என்ற தலைப்பின் எதிரே 'நார்மல்' என்ற ஒரே சொல் எழுதியிருந்தது. முதலது நார்மலாக ஆனவளுக்கு இரண்டாவது இன்னும் சுலபம், இக்காலப் பெண்களுக்கு வலி பொறுக்கும் சக்தி இல்லை, கத்தி கேட்பது ஒரு நாகரிகமாகிவிட்டது என்று சொல்லி அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

கத்தி படாமல் பிறந்தால் அது எப்படிப் பிறந்தாலும் சுகப்பிரசவம் என்று வழங்கும் நம் பாஷையின் தயாளம், அனுபவித்தவளின் துயரத்தை மூடி மறைக்கும் திரையாகிவிடுகிறது என்பதே என் முதல் ஆட்சேபம். வயிற்றை அமுக்கிப் பிள்ளையைத் தள்ளும் அந்த வழக்கம் வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2018இல் வெளியிட்ட பிரசவகால வழிகாட்டியில் கூறியிருக்கிறது. ஆயினும் கோப்பில் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. பிரசவ பயம் என்பது அந்த டாக்டர் எண்ணியதுபோல் வெறும் செல்லம் அன்று. ஹோஃப்பெர்க், பிராக்கிங்டன் என்னும் இரு மனநல மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் அதற்கு 'டோக்கோஃபோபியா' என்று பெயரிட்டு, பிள்ளையே பெறாதவளுக்கு வரும் பயம் வேறு, ஒரு முறை பெற்று நொந்தவளுக்கு வரும் பயம் வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். பின்னது கற்பனையில் முளைத்ததன்று. நடந்ததை உடம்பு நினைவில் வைத்திருப்பதால் வருவது.

எதிர்த்தரப்பின் நியாயத்தை நான் அறியாதவள் அல்லேன். 2019-21இல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கு 14 பிரசவங்கள் சிசேரியனாக இருக்க, தனியார் ஆஸ்பத்திரிகளில் அது 47 ஆக இருந்தது. தமிழ்நாட்டில் எல்லாம் சேர்த்தே 45. பணத்துக்காகவும் வைத்தியரின் சௌகரியத்துக்காகவும் வயிறுகள் கிழிக்கப்படுகின்றன என்ற சந்தேகத்துக்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தன் சிசேரியன் கணக்கைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்று 2017இல் விண்ணப்பம் தொடங்கிய சுபர்ணா கோஷ் இந்த மும்பையைச் சேர்ந்தவர். அக்கோரிக்கையில் நானும் மனப்பூர்வமாகச் சேருகிறேன். ஆனால் வேண்டாதவளைக் கத்திக்கு உட்படுத்துவதும், காரணத்தோடு வேண்டுகிறவளை விரட்டி அனுப்புவதும், அவள் உடம்பைப் பற்றிய முடிவை அவளை விட்டுவிட்டு எடுப்பது என்ற ஒரே தவறின் இரண்டு ரூபங்கள். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளின் தரத்தைச் சிசேரியன் விகிதத்தால் அளப்பதை 2022இல் நிறுத்திவிட்டார்கள். அந்நாட்டு ஷ்ரூஸ்பரி ஆஸ்பத்திரிகளில் நல்ல கவனிப்பு இருந்திருந்தால் 201 சிசுக்கள் பிழைத்திருக்கக்கூடும் என்று அவ்வாண்டு விசாரணைக் குழு அறிவித்ததையும், இயற்கைப் பிரசவத்தின் மேல் வைத்த பிடிவாதம் அங்கே கண்டிக்கப்பட்டதையும் நம்மவர்கள் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைக்கு நல்ல நட்சத்திரம் வாய்க்க வேண்டுமென்று ஜோசியர் குறித்துக் கொடுத்த முகூர்த்தத்தில் ஆபரேஷன் செய்யும் வழக்கம் நம் குடும்பங்களில் எவ்வளவு சகஜம் என்பது எல்லோருக்கும் தெரியும். பஞ்சாங்கத்தைக் காட்டிக் கேட்டால் கிடைக்கும் கத்தி, தையல் பிரிந்த உடம்பைக் காட்டிக் கேட்கிறவளுக்கு ஆடம்பரம் என்று மறுக்கப்படுவது எந்த நியாயத்தில் சேரும்?

சிசேரியன் அபாயமில்லாதது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லி யாரும் கேட்கிறவளுக்கு அதைக் கொடுத்துவிடவும் கூடாது. ரத்தச் சேதம், சீழ், கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைதல் ஆகியவை உண்டு. 39 வாரம் நிறைவதற்கு முன் எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரக்கூடும். அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் வேரோடி ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஒவ்வோர் ஆபரேஷனுக்கும் ஏறிக்கொண்டே போகும். நான்கு பிள்ளைகள் வேண்டுகிறவளுக்கு இது பெரிய விஷயம். இரண்டோடு நிறுத்த நினைப்பவளுக்கு அவ்வளவு பெரிதல்ல. முன்பு ஆழமாகக் கிழிந்தவளுக்கோ மறுபடியும் கிழிந்தால் வாழ்நாள் முழுவதும் மலம் அடங்காமற்போகும் அபாயம் தராசின் மறுதட்டில் இருக்கிறது. இந்தத் தராசை அவள் எதிரில் வைத்து, இரண்டு தட்டையும் நிதானமாகக் காட்டி, வேண்டுமானால் மனநல ஆலோசனையும் அளித்து, அதன் பிறகும் அவள் ஆபரேஷனையே கேட்டால் செய்ய வேண்டும், செய்ய மனமில்லாத வைத்தியர் செய்கிறவரிடம் அனுப்ப வேண்டும் என்று இங்கிலாந்தின் நைஸ் என்னும் அரசாங்க ஸ்தாபனம் 2011இலேயே விதித்துவிட்டது.

நம் சுப்ரீம் கோர்ட்டு 2008இல் சமீரா கோலி வழக்கில், பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை அவளுடைய தாயாரின் சம்மதத்தைக் கொண்டு அகற்றியது செல்லாது என்று தீர்த்தது. அது சிகிச்சையைக் கேட்டுப் பெறும் உரிமையைச் சொன்ன தீர்ப்பன்று. ஆனால் புத்தி தெளிந்த பெண்ணுக்காகப் பெற்றவளும் பேச முடியாது என்று சொன்ன தீர்ப்பு. மாமியாரும் மாமனாரும் கூடி 'நார்மலுக்கே முயற்சி செய்யுங்கள்' என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளும் நம் வீடுகளில் அதை உரக்கப் படிக்க வேண்டும். பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2015இல் மாண்ட்கோமரி வழக்கில் இன்னும் ஒரு படி மேலே சென்றது. வழக்குத் தொடுத்த, நீரிழிவுள்ள தாய், குழந்தை பெரிதாயிருக்கிறதே என்று கவலை தெரிவித்தும், தோள் சிக்கிக்கொள்ளும் அபாயத்தை டாக்டர் சொல்லாமல் விட்டார். சொன்னால் பெண்கள் சிசேரியன் கேட்பார்கள் என்பது அவர் கொண்ட காரணம். தோள் சிக்கியது, பிள்ளை மூளைப் பாதிப்போடு பிறந்தது. மறைத்தது பிழை என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்.

தீர்ப்புகள் ஒருபுறமிருக்க, இந்தப் பயத்தின் வேர் பிரசவ அறையில் இருக்கிறது. துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடலாம் என்று மத்திய அரசாங்கம் 2016இல் அரசு ஆஸ்பத்திரிகளுக்குச் சொன்னது; மறு வருஷம் பிரசவ அறைகளைச் சீராக்க 'லக்ஷ்யா' திட்டம் வந்தது. தாராவித் தமிழ்ப் பெண்கள் பலர் பிள்ளை பெறும் சயான் ஆஸ்பத்திரியில், 1989இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் ஸ்தாபித்தார் என்பது இந்நகரத்துக்குப் பெருமை. சிசுவுக்காக இவ்வளவு யோசித்த ஊர், பெற்றவளின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அவள் தாயை உட்கார வைக்க முடியாததில்லை.

என் மகளை வேறொரு டாக்டரிடம் அழைத்துச் சென்றேன். அவர் கோப்பைத் திறக்கவில்லை. "முதல் குழந்தை பிறந்தபோது என்ன நடந்தது, ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள்" என்று இந்தியில் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். முக்கால் மணி நேரம் அவள் பேசினாள். அதில் பாதியை நான் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். எல்லாம் கேட்ட பிறகு அவர் தழும்பைப் பரிசோதித்தார், ஆபரேஷனின் அபாயங்களை ஒன்றுவிடாமல் சொன்னார், இரண்டு வாரம் யோசித்து வரச் சொன்னார். மறுமுறை போனபோதும் அவள் அதையே கேட்டாள். 39ஆம் வாரத்தில் ஒரு தேதி குறித்தார். பிறகுதான் கோப்பை எடுத்து, 'நார்மல்' என்ற அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்து, அதன் கீழே நான்கு வரிகள் எழுதினார்.