குரங்கு எப்படி ஸ்பேனர் ஆகும்?

ஒரு தீவு. அதில் ஓர் அருவி. அருவியை நிறுத்தினால் பின்னால் ஒரு சுரங்கப் பாதை தெரியும். நிறுத்துவதற்கு ஒரு பம்ப் இருக்கிறது. ஆனால் அதைத் திருகக் கையில் கருவி இல்லை. இன்னொரு தீவில், ஒரு சாராயக் கடையில், ஒரு குரங்கு உட்கார்ந்து பியானோ வாசித்துக்கொண்டிருக்கிறது. இப்போது என்ன செய்வீர்கள்?

விடை: பியானோ மேல் தாளத்துக்கு ஆடிக்கொண்டிருக்கும் மெட்ரோனோம் கருவியில் ஒரு வாழைப்பழத்தைச் செருக வேண்டும். பழம் இப்படியும் அப்படியும் ஆட, அதையே பார்த்துக்கொண்டிருக்கும் குரங்கு சொக்கிப்போய் விறைத்துவிடும். அதை அப்படியே தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு கப்பலேறி வந்து, பம்பில் மாட்டித் திருக வேண்டும். அருவி நின்றுவிடும்.

சிரிக்காதீர்கள். 1991-ல் வந்த 'மங்க்கி ஐலண்ட் 2' என்ற புகழ்பெற்ற கம்ப்யூட்டர் கேமில் நிஜமாகவே இதுதான் வழி. குரங்கு எப்படி ஸ்பேனர் ஆனது? அமெரிக்காவில் ஒரு வகை ஸ்பேனருக்கு 'மங்க்கி ரெஞ்ச்' என்று பெயர். அவ்வளவுதான் சமாசாரம். ஒரு சிலேடை.

எங்கள் வள்ளூரில் ஒரு ஃபிட்டர் அண்ணன் இருக்கிறார். எண்ணூர் பக்கம் ஒர்க்‌ஷாப்பில் இருபது வருட சர்வீஸ். ஸ்பேனர் பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்துப் போனவர். அவரிடம் இந்தப் புதிரைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"இன்னா தம்பி, குரங்கை வெச்சு நட்டு கழட்றதா? நம்மகிட்ட ரிங் ஸ்பேனர் இருக்குது, டபுள் எண்ட் இருக்குது, ஸ்குரு ஸ்பேனர் இருக்குது. குரங்கு ஸ்பேனர் எங்கயும் இல்லியே!"

உலகத்தில் ஸ்பேனரைப் பற்றி அவரைவிட அதிகம் தெரிந்தவர்கள் குறைவு. ஆனாலும் ஸ்பேனர் பற்றிய இந்தக் கேள்வியில் அவர் ஃபெயில். இது அவருடைய அறிவுக் குறைச்சலா, கேள்வியின் குறைச்சலா? என் கட்சி அண்ணன் பக்கம்தான்.

இந்த வகை கேம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் சுடுவது, ஓட்டுவது, உதைப்பது கிடையாது. திரையில் ஒரு படம் இருக்கும். எலி அம்பை நகர்த்திப் பொருள்களின் மேல் க்ளிக் செய்ய வேண்டும். கயிறு, தகரம், செத்த மீன் என்று கண்டதையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, எதை எதோடு சேர்த்தால் கதை நகரும் என்று மண்டையைக் குடைய வேண்டும். பாயிண்ட் அண்ட் க்ளிக் அட்வெஞ்சர் என்பார்கள். 80-களிலும் 90-களிலும் கொடிகட்டிப் பறந்த ஜாதி. இப்போதும் ஸ்கம் வி.எம். என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொண்டால் செல்போனிலேயே பழசையெல்லாம் ஓட்டலாம். அத்திப்பட்டு புதுநகரில் ரயிலேறி சென்ட்ரல் போய்ச் சேர்வதற்குள் ஒரு புதிராவது முடிகிறது. ஜன்னல் ஓர சீட் கிடைத்தால் இரண்டு.

கஷ்டமான புதிர் வேறு, அநியாயமான புதிர் வேறு. கஷ்டமான புதிருக்கு விடை தெரிந்ததும் "அட, இது எனக்குத் தோணாமல் போச்சே!" என்று தலையில் அடித்துக்கொள்வோம். அநியாயமான புதிருக்கு விடை தெரிந்ததும், போட்டவன் தலையில் அடிக்கத் தோன்றும். சோதித்துப் பார்க்க இதைவிடச் சுலபமான முறை எனக்குத் தெரியவில்லை.

அநியாயப் புதிரில் நமக்கெல்லாம் முன்னோடி செண்பகப் பாண்டியன். திருவிளையாடல் புராணத்தில் அவன் செய்தது என்ன? சங்க மண்டபத்தில் ஆயிரம் பொன்னைத் தொங்கவிட்டு, "என் மனசில் இருப்பதை யார் பாட்டாகப் பாடுகிறாரோ அவருக்கு" என்றான். என்ன சந்தேகம் என்றே சொல்லவில்லை சார்! அத்தனை புலவர்களும் கையைப் பிசைந்தார்கள். கடைசியில் சாட்சாத் சிவபெருமான் பாட்டெழுதித் தர வேண்டியிருந்தது. தருமிக்குச் சாமி கிடைத்தார். சாதாரண ஆட்டக்காரன் எங்கே போவான்? கேம் தயாரிப்பவர் மனசில் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிக்க வைக்கிற புதிர்கள் எல்லாமே இந்தப் பொற்கிழிப் பரம்பரைதான்.

1984-ல் வந்த 'கிங்ஸ் குவெஸ்ட்' இந்த ஜாதியின் மூத்த அண்ணன்களில் ஒன்று. அதில் ஒரு குள்ளன் தன் பெயரைக் கண்டுபிடிக்கச் சொல்வான். துப்பு? சூனியக்காரி வீட்டில் ஒரு சீட்டு. சில நேரம் பின்னாலிருந்து யோசிப்பது நல்லது என்கிற மாதிரி ஒரு வரி. குள்ளன் பெயர் ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின். ஜெர்மன் நாட்டு கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதையில் வருகிறவன். அதை நீங்கள் படித்திருக்க வேண்டும். படித்திருந்தாலும் போதாது. பெயரைத் தலைகீழாக எழுதினால் தப்பு. ஆங்கில அரிச்சுவடியையே தலைகீழாக வைத்துக்கொண்டு, ஏ-க்கு இசட், பி-க்கு ஒய் என்று எழுத்து எழுத்தாக மாற்றி அடிக்க வேண்டும். முனியாண்டியும் மோகினியும் கேட்டு வளர்ந்த நமக்கு இது எந்த ஜென்மத்தில் தோன்றும்? கண்டுபிடிக்காவிட்டாலும் வேறு வழியில் போகச் சாவி கொடுத்துவிடுவான், அந்த மட்டும் குள்ளன் நல்லவன். 1990-ல் கேமைப் புதுப்பித்தபோது, பெயரைச் சும்மா திருப்பி எழுதினால் போதும் என்று அவர்களே இறங்கி வந்தார்கள்.

அதே 1990-ல் அதே வரிசையில் வந்த ஐந்தாவது கேம் அடுத்த படிக்குப் போனது. ஓர் இடத்தில் பூனை எலியைத் துரத்தும். அந்தச் சில நொடிகளுக்குள் ஒரு பழைய பூட்ஸைப் பூனை மேல் எறிய வேண்டும். விட்டீர்களானால் உடனே ஒன்றும் ஆகாது. நீங்கள் பாட்டுக்கு ஜாலியாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். அப்புறம் உங்களைக் கட்டிப் பாதாள அறையில் போடும்போது, கயிற்றைக் கடித்து விடுவிக்க அந்த எலி வராது. கதை அங்கேயே முடிந்தது. அதில் ஒரு கஸ்டர்ட் பையும் உண்டு. பசிக்கும்போது அதைத் தின்றுவிட்டால் போச்சு. பின்னால் பனிமனிதன் வரும்போது அவன் மூஞ்சியில் எறிய அதுதான் வேண்டும்! முட்டுச்சந்தில் நிற்கிறோம் என்பதுகூடத் தெரியாமல் மணிக்கணக்கில் சுவரைத் தடவ வைப்பது, என்னைக் கேட்டால், சிலேடையைவிடப் பெரிய பாவம். சிலேடை புரியாதவனுக்கு ஒரு புதிர்தான் நஷ்டம். இங்கே மொத்த ஞாயிற்றுக்கிழமையும் நஷ்டம்.

துப்பறியும் கதைகளுக்கு ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-லேயே பத்துக் கட்டளைகள் போட்டார். துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் வாசகனுக்கும் உடனே கிடைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. (சங்கர்லால் டீ குடிப்பதற்கு முன்பு நமக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) கேம்களுக்கு அந்த வேலையை 1989-ல் செய்தவர் ரான் கில்பர்ட். அட்வெஞ்சர் கேம்கள் ஏன் எரிச்சலூட்டுகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். பள்ளத்தை முதலில் காட்டு, கயிறு அப்புறம் கிடைக்கட்டும் என்றார். எதையோ எடுக்க மறந்தான் என்பதற்காக ஆட்டக்காரனை நடுக்காட்டில் விடாதே என்றார். சொன்னதோடு நிற்காமல் 1990-ல் முதல் 'மங்க்கி ஐலண்ட்'டை எடுத்துக் காட்டினார். அதில் சாவது கஷ்டம். நாயகன் தண்ணீருக்குள் பத்து நிமிஷம் மூச்சை அடக்குவான். நீங்கள் வேலைமெனக்கெட்டுப் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தால்தான் செத்துப்போவான்.

குரங்கு ஸ்பேனரும் இதே கில்பர்ட் கம்பெனி சரக்குதான் என்பதைக் கவனியுங்கள். சட்டம் போட்டவர் வீட்டிலேயே ஹெல்மெட் இல்லாமல் போகிறார்கள்.

1999-ல் வந்த 'கேப்ரியல் நைட் 3' கதையைக் கேட்டால் இன்னும் சுவாரசியம். நாயகனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாடகைக்கு வேண்டும். நண்பன் பெயரில் பதிவாகி இருக்கிறது. எனவே நண்பனாக வேஷம் போட வேண்டும். சரி. வேஷத்துக்கு மீசை வேண்டும். ஒரு கொட்டகைக் கதவின் ஓட்டையில் டேப் ஒட்டி, பூனை மேல் தண்ணீர் பீய்ச்சி, அது பாய்ந்து ஓடும்போது டேப்பில் ஒட்டும் முடியை எடுத்து, பாகு தடவி மூக்குக்குக் கீழே ஒட்டிக்கொள்ள வேண்டும். விசேஷம் என்னவென்றால், நண்பனுக்கு மீசையே கிடையாது! அதனால் அவன் பாஸ்போர்ட்டைத் திருடி, போட்டோவில் பேனாவால் மீசை வரைய வேண்டும்.

நமக்கு மீசை புதிதில்லை. 1981-ல் வந்த 'தில்லு முல்லு'வில் ரஜினிக்கும் ஒட்டு மீசைதான் பிழைப்பு. ஆனால் மீசை இல்லாதவனை மதிக்கமாட்டேன் என்ற தேங்காய் சீனிவாசனின் கிறுக்கை பாலசந்தர் நமக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறார். அந்தக் கிறுக்கை ஒப்புக்கொண்ட பிறகு மற்றதெல்லாம் கணக்குப் பாடம் மாதிரி வரிசையாக வரும். கிறுக்குத்தனம் தப்பில்லை, கிறுக்குக்கு ஒரு ஒழுங்கு வேண்டும். அந்தப் பூனை மீசையை எரிக் வோல்பா என்ற எழுத்தாளர் 2000-ல் கிழி கிழி என்று கிழித்தார். அட்வெஞ்சர் கேம்களை யாரும் கொல்லவில்லை, அவை தாமாகவே தற்கொலை செய்துகொண்டன என்பது அவர் வாதம். திட்டியதோடு போகாமல் பிற்பாடு 'போர்ட்டல்' (2007) என்ற அருமையான புதிர் கேமுக்குக் கதை எழுதினார். விமரிசகர்களில் இப்படி வேலை செய்து காட்டுபவர்கள் அபூர்வம்.

ஒழுங்கான கிறுக்குக்கு என் ஓட்டு 1993-ன் 'டே ஆஃப் த டென்டக்கிள்'. மூன்று பேர் மூன்று காலங்களில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். எதிர்காலத்தில் இருப்பவளுக்கு ஒரு வெள்ளெலி வேண்டும். நிகழ்காலத்தில் அதை ஐஸ் மெஷினில் போட்டுவிட்டால் 200 வருஷம் கழித்து அவள் எடுத்துக்கொள்கிறாள். குளிரில் நடுங்குகிறதே, எலி சைஸில் ஸ்வெட்டருக்கு எங்கே போவது? ஒரு பெரிய ஸ்வெட்டரை டிரையரில் போட்டு 200 வருஷம் ஓடவிட்டால் சுருங்கிவிடாதா? சலவையில் சட்டையைத் தொலைத்த எந்த பேச்சிலருக்கும் புரியும். கிரிம் சகோதரர்களைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இனி காப்பி விவகாரம். புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் படகில் அக்கரை சேர்க்கும் கணக்கு உங்களுக்குத் தெரியும். கொசஸ்தலை ஆற்றங்கரையில் நின்று யாராவது கேட்டால் தூக்கத்திலும் சொல்வோம். ஐரோப்பாவிலும் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ் என்று இதையே கேட்கிறார்கள். இந்த மாதிரிப் பழம்பெருச்சாளிகளைத் தூசி தட்டி கேமில் வைப்பது ஒரு தொழில். 1993-ல் லட்சக்கணக்கில் விற்ற 'செவன்த் கெஸ்ட்'டில், சதுரங்கப் பலகையில் ராணிகள் ஒன்றையொன்று வெட்டாமல் நிறுத்தும் புதிர் வருகிறது. அது 1848-ம் வருஷத்துச் சரக்கு. மூன்று கம்பம், அளவு குறைந்துகொண்டே போகும் தட்டுகள் என்று ஒன்று பார்த்திருப்பீர்கள். ஹனோய் கோபுரம். 1883-ல் பிரெஞ்சுக் கணித வாத்தியார் எதுவார் லூக்கா கண்டுபிடித்தது. காசிக் கோயிலில் 64 தங்கத் தட்டுகளைப் பிராமணர்கள் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், முடிந்ததும் உலகம் அழியும் என்று ஒரு டூப்பும் சேர்ந்துகொண்டது. நொடிக்கு ஒரு தட்டு வீதம் 58,500 கோடி வருஷம் ஆகும், பயப்படாதீர்கள். பழைய புதிர் அநியாயம் இல்லை. விதி எல்லாம் கண்ணெதிரே இருக்கும். ஆனால் கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. பேய் வீட்டில் நடுராத்திரி பத்தாங்கிளாஸ் பரீட்சை எழுதுகிற மாதிரி இருக்கும்.

புதுசாகவும் நியாயமாகவும் ஒன்று வந்தது, அதுவும் தமிழில் பெயர் வைத்துக்கொண்டு. 2023 ஜூலையில் வெளியான 'வெண்பா'. டொராண்டோவில் அபி என்ற தமிழரின் விசை கேம்ஸ் செய்தது. 1988-ல் கனடாவில் குடியேறிய வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். வெண்பாவிடம் அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம். பழசாகி எழுத்து அழிந்துபோயிருக்கிறது. அழிந்த வரியை நீங்கள் யோசித்து நிரப்பிச் சமைக்க வேண்டும். முதல் புதிரே இட்லி! தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும்? ஒன்றரை மணி நேரத்தில் மொத்த கேமும் முடிந்துவிடும். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருது, சிறந்த முதல் கேம் என்று.

இதை நம் ஊர் மங்க்கி ரெஞ்ச் என்று சொல்லிவிடலாமா? நமக்குத் தெரிந்ததை வெள்ளைக்காரனிடம் கேட்டுப் பழி தீர்த்தாச்சு என்று? அப்படி இல்லை. இட்லியே பார்க்காத நார்வேக்காரன்கூட, ஆவி மேலே போகும், வழி அடைத்தால் போகாது என்று தட்டைப் பார்த்தே யோசிக்கலாம். அடுப்புக்கு எல்லா ஊரிலும் ஒரே பாஷை. தவிர அழிந்த எழுத்து என்பது ஆட்டக்காரனை மடக்க வைத்த பூட்டு இல்லை. அம்மாவை விட்டுத் தூரம் போனவளுக்குக் கையில் மிஞ்சுவது அரைகுறைக் குறிப்புதானே. புதிரை எடுத்துவிட்டால் கதையும் போய்விடும். ரான் கில்பர்ட் கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் அம்மாவை உட்காரவைத்து லாப்டாப்பில் போட்டுக் காட்டினேன். மவுஸைத் தொடவில்லை. "இதை அங்க வை, அதைத் திருப்பு" என்று விரலால் ஆணையிட்டே ஒரு நிமிஷத்தில் முடித்தார். "இதுக்கா விருது குடுத்தாங்க?" என்றார். கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் பொண்ணு காலையில் சாப்பிட்டுச்சாடா?" என்றார்.