ஸ்டேஜ் 1 ரீமேப்: பிக்-அப் கூடும்... பில் யாருக்கு வரும்?

ஒரு லேப்டாப், ஒரு கேபிள், ஒரு மணி நேரம். பானட்டைக்கூடத் திறக்காமல் 110 குதிரைத்திறன் கொண்ட இன்ஜினை 130-க்கு மேல் கொண்டுபோகலாம் என்கின்றன ட்யூனிங் கடைகள். இது வெறும் விளம்பரப் பேச்சு இல்லை. டர்போ கார்களில் நிஜமாகவே நடக்கிற காரியம். ஃபோக்ஸ்வாகன் போலோ 1.0 டிஎஸ்ஐ போன்ற கார்களுக்கு இன்றும் தனி ரசிகர் கூட்டம் இருக்க இதுவும் ஒரு காரணம்.

ஆனால் போலோவின் இந்தியத் தயாரிப்பு 2022-லேயே முடிந்துவிட்டது. அதாவது, இன்று கைமாறும் ஒவ்வொரு போலோவும் செகண்ட் ஹேண்ட்தான். முதல் ஓனர் லேப்டாப்பில் என்ன செய்தார் என்று ஆர்சி புக்கில் இருக்காது, சர்வீஸ் ரெக்கார்டிலும் இருக்காது. வீட்டு கராஜில் நடக்கும் கார் ட்யூனிங்கின் உண்மையான பிரச்சினை வேகம் அல்ல, இந்த ரகசியம்தான்.

இசியூ-க்குள் என்ன இருக்கிறது?

இன்றைய இன்ஜினை இயக்குவது இசியூ என்ற சின்ன கம்ப்யூட்டர். எத்தனை ஆர்பிஎம், எவ்வளவு லோடு என்று பார்த்து எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், பிளக் எந்த நொடியில் பொறி விட வேண்டும், டர்போ எவ்வளவு காற்றை அழுத்த வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. இந்தக் கணக்குகள் எல்லாம் அட்டவணைகளாக உள்ளே இருக்கும். அதற்குப் பெயர்தான் 'மேப்'. அந்த எண்களை மாற்றி எழுதுவது ரீமேப்.

சரி, கம்பெனியே ஏன் கூடுதல் சக்தியைக் கொடுக்கவில்லை? ஏனென்றால், ஒரே மேப் ராஜஸ்தான் வெயிலிலும் லடாக் உயரத்திலும் ஓட வேண்டும். சாதாரண பெட்ரோலில் ஓட வேண்டும். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடும் ஓனரையும் தாங்க வேண்டும். கியர்பாக்ஸும் கிளட்ச்சும் தாங்கும் எல்லைக்குள் இருக்க வேண்டும். புகை விதிகளிலும் பாஸ் ஆக வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து விட்டுவைத்த இடைவெளியைத்தான் ரீமேப் எடுத்துப் பயன்படுத்துகிறது. சக்தி சும்மா வருவதில்லை. பாதுகாப்புக்காக வைத்திருந்த கையிருப்பிலிருந்து வருகிறது.

அந்த இடைவெளி அதிகம் சுருங்கினால் வருவது 'நாக்கிங்'. பிளக் பற்றவைத்த தீ பரவி வருவதற்குள், மீதமுள்ள கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடிப்பது. நாக் சென்சார் இதை உணர்ந்து இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துக் காப்பாற்றும். ஆனால் மோசமான மேப், குறைந்த ஆக்டேன் பெட்ரோல், மே மாத வெயில் மூன்றும் சேர்ந்தால் சென்சாருக்கும் ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் பிஸ்டன் உடையும்.

முதலில் நோயைக் கண்டுபிடி

சக்தியைக் கூட்டுவதற்கு முன் இன்னொரு கேள்வி இருக்கிறது: இன்ஜின் இப்போது ஒழுங்காக ஓடுகிறதா? பழைய இன்ஜினில் ஏற்கெனவே ஒரு ஹோஸ் லீக் ஆகிறது என்றால், அதன்மேல் ரீமேப் போடுவது காய்ச்சல்காரரை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புவது மாதிரி.

இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம், செய்யவும் வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் ஒரு ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகினால் இன்ஜின் பேச ஆரம்பிக்கும். ஆனால் அது சொல்வது துப்பு மட்டுமே, தீர்ப்பு அல்ல.

உதாரணமாக, பி0171 என்ற கோடு 'கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்' என்கிறது. பலரும் உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். ஆனால் அந்த சென்சார் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். விரிசல் விட்ட வேக்யூம் ஹோஸ், அழுக்கான ஏர் ஃப்ளோ சென்சார், பலவீனமான ஃப்யூயல் பம்ப் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இங்கே கைகொடுப்பது 'ஃப்யூயல் ட்ரிம்' என்ற எண். ஐடிலில் அதிகமாக இருந்து, 2,500 ஆர்பிஎம்-இல் இறங்கிவிட்டால் வேக்யூம் லீக்கைத் தேடலாம். மாறாக, லோடு ஏற ஏற எண்ணும் ஏறினால் பம்ப் அல்லது ஏர் ஃப்ளோ சென்சார் பக்கம் பார்க்க வேண்டும்.

இன்னொரு எளிய சோதனை. பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். அதன் இக்னிஷன் காயிலை மூன்றாவது சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு பி0303 ஆக மாறினால் குற்றவாளி காயில். மாறாமல் இருந்தால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று அடுத்ததைப் பார்க்கலாம். செலவு: பூஜ்ஜியம்.

ஒரு எச்சரிக்கை: கோடை அழிக்கும் முன் எழுதி வையுங்கள், அல்லது ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அழித்ததும் பிழை வந்த நேரத்தில் இன்ஜின் இருந்த நிலையைக் காட்டும் பதிவும் சேர்ந்தே போய்விடும்.

வீட்டில் எதைச் செய்யக் கூடாது?

இசியூ-வில் புது மேப் ஏற்றும்போது பாதியில் பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் இசியூ செயலிழந்து போகலாம். நிலையான பவர் சப்ளை இல்லாமல் அதைத் தொடக்கூடாது. இணையத்தில் யாரோ பகிர்ந்த மேப் உங்கள் இன்ஜினுக்காக எழுதப்பட்டது அல்ல. ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். மூடிய கராஜில் இன்ஜினை ஓடவிட்டால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

அடுத்தது, கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் டீசல் கார்களில் டிபிஎஃப் வடிகட்டியையும் கழற்றுவது. கழற்றினால் செக் இன்ஜின் லைட் எரியும். அதனால் ரீமேப் செய்பவர் அந்த எச்சரிக்கையையே சாஃப்ட்வேரில் அணைத்துவிடுவார். புகை வடிகட்டியும் இல்லை, அது இல்லை என்று சொல்ல ஆளும் இல்லை. பியூசி சோதனையும் இதை முழுதாகப் பிடிக்காது. டீசல் கார்களுக்கு அங்கே பார்ப்பது புகையின் அடர்த்தி. நைட்ரஜன் ஆக்சைடு அளவு அல்ல. சில வரி சாஃப்ட்வேர் எவ்வளவு மறைக்க முடியும் என்பதை 2015-இல் வெளிவந்த ஃபோக்ஸ்வாகன் டீசல் மோசடியே உலகத்துக்குக் காட்டியது. அதை ஒரு கம்பெனி செய்தபோது குற்றம் என்றோம். தனி ஆள் செய்தால் மட்டும் அது 'ஹாபி' ஆகிவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சி-யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது 182ஏ பிரிவு.

நடைமுறையில் மாட்டுவது யார்? கண்ணுக்கும் காதுக்கும் தெரிகிற மாற்றம் செய்தவர்கள். சத்தமான சைலன்சர், அகலமான டயர். கண்ணுக்கே தெரியாத ரீமேப் எந்தச் செக்போஸ்ட்டிலும் நிற்பதில்லை. அது வெளியே வருவது விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்கும்போது, அல்லது வாரண்டிக்காக சர்வீஸ் சென்டரில் நிற்கும்போது. சொல்லாமல் செய்த மாற்றம் அந்த நேரத்தில் க்ளெய்மையே சிக்கலாக்கும்.

ரகசியத்துக்குப் பதிலாக ரசீது

தடை மட்டும் போதாது என்பதற்கு ஆதாரம் நம் ரோட்டிலேயே ஓடுகிறது. சிஎன்ஜி கிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் இன்ஜினில் செய்யும் மாற்றம்தான். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட கிட், அங்கீகரிக்கப்பட்ட மையம், ஆர்சி-யில் பதிவு என்று அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஜெர்மனியில் சோதித்துச் சான்று பெற்ற ட்யூனிங் பாகங்களைப் பொருத்தி, ஆய்வாளரிடம் காட்டி, வண்டியின் ஆவணத்தில் பதிவு செய்துகொள்ள முடிகிறது.

இங்கும் கதவு பூட்டியிருக்கவில்லை. 2019 சட்டத் திருத்தம், வாகன மாற்றங்களுக்கான தரத்தையும் ஒப்புதல் நிபந்தனைகளையும் வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. அப்படி ஒப்புதல் பெற்ற மாற்றத்துக்காக வாரண்டியை ரத்தானதாகக் கருதக் கூடாது என்றும் அதே திருத்தம் சொல்கிறது. புகை அளவைச் சோதித்த மேப், ஆர்சி-யில் ஒரு வரி, இன்ஷூரன்ஸில் கூடுதல் பிரீமியம் என்று இதை ரீமேப்புக்கும் விரிக்கலாம். அதையும் தாண்டி வேகம் வேண்டும் என்பவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையும் கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயும் இருக்கின்றன. ஈசிஆர் அதற்கான இடம் இல்லை.

விதி வரும்வரை பொறுப்பு இரண்டு பேரிடம் இருக்கிறது. விற்கிறவர், செய்த மாற்றத்தைச் சொல்லி, ஒரிஜினல் மேப் ஃபைலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் ஸ்கேனரைச் செருகி 'ரெடினெஸ்' பக்கத்தைப் பார்க்க வேண்டும். எல்லாமே 'நாட் ரெடி' என்று காட்டினால், கோடுகள் சமீபத்தில் அழிக்கப்பட்டிருக்கலாம், அல்லது பேட்டரி கழற்றப்பட்டிருக்கலாம். எதற்காக என்று கேளுங்கள். சரியான பதில் வரவில்லை என்றால் டோக்கன் அட்வான்ஸைக் கொடுக்காதீர்கள்.