பெரியவர்கள் முதலில் சொல்லட்டும்

தரம் 1 வகுப்பறைக்குள் அதிபர் நுழைந்தால் போதும். பிள்ளைகள் அனைவரும் எழுந்து நின்று ஒரே குரலில் ஸலாம் சொல்வார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால், அதே வகுப்பறையைக் கூட்டித் துடைப்பவரைப் பல பிள்ளைகள் ஒரு சொல்லும் பேசாமல் கடந்து போகிறார்கள். நாம் கற்றுக்கொடுத்தது நற்பண்பையா, பதவிக்குப் பணிவதையா?

ஆறு வயதுப் பிள்ளை கேட்டதைவிடக் கண்டதையே செய்யும். "நன்றி சொல்லுங்கள்" என்று பத்துத் தடவை சொல்வதை விட, வெண்கட்டி எடுத்து வந்த பிள்ளைக்கு ஆசிரியை ஒரு தடவை நன்றி சொல்வது மனதில் பதியும். வரிசையில் தள்ளிய பிள்ளையை எல்லோர் முன்னிலையிலும் ஏசினால் அது பயப்படவே கற்கும். அருகில் அழைத்து, "உங்களை யாராவது தள்ளினால் எப்படி இருக்கும்?" என்று கேட்டால் யோசிக்கும்.

நபி (ஸல்) அவர்கள் சிறுவர்களைக் கடந்து சென்றபோது தாமே அவர்களுக்கு ஸலாம் சொன்னதாக அனஸ் (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். சிறியவர்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று அவர்கள் காத்து நிற்கவில்லை.

அன்பான பெற்றோரே! வேன் சாரதியோடும், வீட்டு வேலைக்கு வருபவரோடும் நாம் பேசும் தொனியைப் பிள்ளை கவனித்துக்கொண்டே இருக்கிறது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு எத்தனையோ மாதிரி வினாத்தாள்கள் வாங்கிக் கொடுக்கிறோம். நற்பண்புக்கு அப்படி ஒன்று கடையில் கிடைக்காது. அதற்கு மாதிரி நாம்தான்.