அடுப்பங்கரையிலிருந்து தொடங்குவோம், தோழர்களே!

திருப்பூணித்துறைத் தோழர்களே,

2050-க்குள் கார்பன் சமநிலை எட்டுவோம் என்று கேரளம் அறிவித்திருக்கிறது. இந்தியா தனக்கு வைத்துக்கொண்ட ஆண்டு 2070. இருபது ஆண்டு முந்தி ஓடத் துணிந்த மாநிலம் நம்முடையது. அந்தத் துணிவுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் நம் வார்டுகளில் வேலை தொடங்காவிட்டால் 2050 வந்துவிடும், இலக்கு வராது.

2023 மார்ச் 2-ஐ மறந்துவிட்டோமா? அன்று பிரம்மபுரம் குப்பைமேடு பற்றிக்கொண்டது. பத்து நாளுக்கு மேல் எரிந்தது. ஹெலிகாப்டரிலிருந்து தண்ணீர் கொட்டியும் அடங்கவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு, குழந்தைகள் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு கிடந்தோம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தீ அணைந்தது, கோபமும் அணைந்தது.

அணையாதது ஒன்று உண்டு. சோறும் மீன்முள்ளும் காய்த்தோலும் காற்றுப் புகாமல் குவிந்து அழுகும்போது மீத்தேன் பிறக்கிறது. எரியாத நாளிலும் குப்பைமேடு அதை மூச்சாக விட்டுக்கொண்டே இருக்கும். கண்ணை எரிக்காது, தொண்டையைக் கமறவைக்காது, ஆகவே யாரும் கேட்பதில்லை. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை கரியமில வாயுவைவிட எண்பது மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு இது. ஆனால் சுமார் பன்னிரண்டு ஆண்டில் அதில் பெரும்பகுதி காற்றிலிருந்து நீங்கிவிடும். கரியமில வாயுவோ நூற்றாண்டுகள் நிற்கும். இன்று மீத்தேனை நிறுத்தினால் அதன் பலனை நம் காலத்திலேயே பார்க்கலாம். அவசரம் என்று நான் சொல்வது இதனால்தான். இந்தப் போராட்டத்தில் இவ்வளவு சீக்கிரம் கைகொடுக்கும் வேலை வேறில்லை, அதுவும் நம் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது.

வெப்பம் ஏற ஏற உயரும் கடல் காத்திருக்காது. வைப்பின் கரையில், எடவனக்காட்டில், ஓதம் ஏறும்போது உப்புத்தண்ணீர் வீட்டுக்குள் வந்து நிற்கிறது. செல்லானத்தில் ஏழு கிலோமீட்டர் சொச்சத்துக்கு டெட்ராபாட் சுவர் கட்ட 344 கோடி ரூபாய்த் திட்டம் வேண்டியிருந்தது. கேரளக் கடற்கரை 500 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. எத்தனை சுவர் கட்டுவோம்?

“சீனாவும் அமெரிக்காவும் விடுகிற புகைக்கு முன் இந்தச் சின்ன ஊர் எம்மாத்திரம்?” என்று கேட்கும் தோழர்களுக்கு வயநாட்டின் மீனங்காடியைக் காட்டுகிறேன். அது ஒரு கிராமப் பஞ்சாயத்து, அவ்வளவுதான். பாரிஸ் ஒப்பந்தத்துக்கு மறு ஆண்டே, 2016-இல், கார்பன் சமநிலை காண்போம் என்று இறங்கினார்கள். முதலில் கணக்கெடுத்தார்கள்: எந்த அடுப்பிலிருந்து எவ்வளவு, எந்த வண்டியிலிருந்து எவ்வளவு, நம் மரமும் மண்ணும் உள்வாங்குவது எவ்வளவு. பிறகு மர வங்கி தொடங்கினார்கள். மரம் நட்டு வளர்க்கும் விவசாயிக்கு மரத்துக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வட்டியில்லாக் கடன், வெட்டினால்தான் திருப்பிக் கட்ட வேண்டும். ஏழை விவசாயி மரத்தை விற்காமல் இருக்க ஒரு காரணம் கொடுத்தார்கள்! எனக்கு இந்தத் திட்டத்தில் மிகவும் பிடித்தது அதுதான்.

நம் கொச்சியும் சும்மா இருக்கவில்லை. நெடும்பாசேரி விமான நிலையம் 2015-லேயே சூரிய மின்சாரத்துக்கு மாறியது. பக்கத்து வைக்கம் காயலில் 2017 முதல் ‘ஆதித்யா’ சோலார் படகு டீசலில்லாமல் ஆட்களை ஏற்றிப் போகிறது. வாட்டர் மெட்ரோவின் மின்படகு மட்டாஞ்சேரி வரை வந்துவிட்டது. 2024 மார்ச்சில் மெட்ரோ ரயில் நம் ஊருக்கும் வந்தது.

ரயில் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். ஷொர்ணூர் – எர்ணாகுளம் பாதைக்குப் பணம் போதாதபோது கொச்சி மன்னர் ராமவர்மா நம் ஊர்ப் பூர்ணத்ரயீசர் கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றார் என்று ஊரே சொல்லும். 1902-இல் வண்டி ஓடியது. சின்ன நாடு, பெரிய ராஜ்யங்களின் தயவுக்குக் காத்திருந்தால் அந்தத் தண்டவாளம் எப்போது வந்திருக்கும்?

அம்பலமுகள் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைக்கும் கணக்குக் கேட்போம், கட்டாயம் கேட்போம். நம் ஊர்க் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால்தான் அந்தக் கேள்விக்குப் பல் இருக்கும்.

ஆகவே வரும் வார்டு சபைக்கு ஒருவர் விடாமல் வாருங்கள். மீனங்காடியைப் போல நம் நகரசபையும் பசுமை இல்ல வாயுக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருவோம். ஈரக்குப்பை ஒரு பிடிகூட மேட்டுக்குப் போகக்கூடாது. இடமுள்ள வீட்டில் பயோபின் அல்லது பயோகேஸ், இடமில்லாத ஃபிளாட்டுக்குப் பொது உரக்கூடம், கல்யாண மண்டபத்துக்கும் ஹோட்டலுக்கும் இதில் விலக்கு இல்லை. ஹரித கர்ம சேனைச் சகோதரிகள் வாசலுக்கு வரும்போது கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை மரியாதையோடு கொடுங்கள், கட்டணத்தைத் தாமதிக்காதீர்கள். இந்தப் போரில் வெயிலில் நடப்பவர்கள் அவர்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஸ்டாச்யூ சந்திப்பில் கூடுகிறோம். தெருவுக்கு இரண்டு பேர் வீதம் பிரிந்து வீடு வீடாகப் போக வேண்டும். நோட்டும் பேனாவும் எடுத்து வாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டி வாருங்கள்.